லில்லி டீச்சரின் இடது கை

இல்லம்மா, மேல வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டரும் கேட்டாரு, பின்னால டிக்கியில போட்டுரட்டுமான்னு. இதோட கழுத்துல ஒரு தட்டு தட்டினாலே அப்புறம் சுருதி நிக்காது பாத்துக்கிடுங்க. உங்களுக்கு இடிச்சா சொல்லுங்க, வலது பக்கமா சாய்ச்சுக்கிடுதேன். இடது பக்கம் முடியாது, அந்தக் கை கொஞ்சம் சரியில்ல.

என்னோடதுதான். ஏன், நம்ப முடியலையா? எல்லாரும் இதத்தான் கேக்காங்க. மகனுக்கா, பேரனுக்கான்னு. எனக்கு மகனும் கெடையாது பேரனும் கெடையாது. ஒரே மக, ஷெரின், மஸ்கட்ல இருக்கா. கிட்டார் எனக்குத்தான். வாசிக்கத் தெரியுமான்னா, தெரியும்னு சொல்ல மாட்டேன். வாசிப்பேன்.

நான் ஸ்கூல்ல சயின்ஸ் எடுத்தவ. லில்லி புஷ்பம் டீச்சர். ரிட்டயர்டு ஆயாச்சு. எட்டாம் வகுப்புல ஒலின்னு ஒரு பாடம் வரும். கம்பி அதிரும், காத்து அதிரும், அது காதுக்கு வரும். புஸ்தகத்துல கிட்டார் படம் போட்டிருப்பான். படத்தக் காட்டியே நடத்திட்டிருந்தேன். ஒரு வருஷம் என்ன தோணிச்சோ, சர்ச்சுல ஒரு பையன்கிட்ட எரவல் வாங்கிட்டுப் போயி, மேசையில சாய்ச்சு வச்சு, தடிச்ச கம்பி ஒண்ண இழுத்து விட்டேன். கிளாஸ் அப்பிடியே அடங்கிட்டு. எத்தன வருஷம் தொண்டை கிழிய கத்தியிருப்பேன், ஒரு நாள் அடங்கினதில்ல. அந்தச் சத்தம் முடியுறவரைக்கும் ஒரு பிள்ள மூச்சு விடல. நானும் விடல. அன்னைக்குப் பிடிச்சதுதான்.

வில்பிரட் மாஸ்டர்னு ஒருத்தர். ஜெராக்ஸ் கடை மாடியில கிளாஸ் எடுக்காரு. என் மருமகன் வயசுதான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பெரியவங்களுக்கு மட்டும். பெரியவங்கன்னா நாங்க ஒரு நாலு பேரு. அதுல நாந்தான் மூப்பு. மொத நாள் விரல் நுனியெல்லாம் கன்னிப்போச்சு. 'காய்ச்சுப் போயிரும் டீச்சர், அப்புறம் வலிக்காது'ன்னாரு. காய்ச்சுத்தான் போச்சு. இந்தா, தொட்டுப் பாருங்க. ஆணி மாதிரி இருக்கா? இது நல்ல வலி. நான் சொல்ல வந்தது இதில்ல.

எங்க வீட்ல அவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. வீட்டுக்காரருக்கு எமர்சன்னு பேரு. ஹார்பர்ல கிரேன் ஆப்பரேட்டரா இருந்தவங்க. அங்கன கத்திக் கத்திப் பேசியே பழக்கமா, வீட்ல பேசினாலும் தெருவுக்கே கேக்கும். நல்ல ஒசரம், நல்ல கனம். நான் வாசிக்க ஆரம்பிச்சா, 'ஏ லில்லி, பூனை எதையும் பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கியா?'ன்னு கேப்பாங்க. அதனால நான் அடுக்களைக் கதவச் சாத்திட்டுத்தான் வாசிப்பேன். போன வாரம் வரைக்கும் அப்பிடித்தான். அவங்களுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. ஆனா சனிக்கிழமையானா ஸ்கூட்டர எடுத்துட்டு வாசல்ல நிப்பாங்க. கிளாஸ்ல கொண்டு விட்டுட்டு, முடியுற வரைக்கும் கீழ டீக்கடையில உக்காந்திருப்பாங்க. அந்தக் கடை உளுந்த வடை அவங்களுக்கு உசுரு. அதுக்குத்தான் வாரது. மழை பேஞ்சாலும் வருவாங்க, அந்த வடைக்கு.

ஜன்னலச் சாத்திக்கிடுங்கம்மா, வாகைக்குளம் வரைக்கும் தூசி அள்ளிட்டு வரும்.

போன வருஷம் அடை மழைக்காலத்துல அவங்க விழுந்துட்டாங்க. குளிக்கப் போனவங்க, சோப்ப எடுக்கக் குனிஞ்சாங்களாம், அம்புட்டுத்தான். வலது பக்கம் பூரா போச்சு. பேச்சும் போச்சு. ஆஸ்பத்திரியில வச்சிருந்துட்டு, இனி வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க, பைய பைய வரும்னு அனுப்பிட்டாங்க. நான் பாத்துக்கிட்டேன். அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

என் கை விஷயம் என்னன்னா, சரியா அந்தச் சமயந்தான் வில்பிரட் மாஸ்டர் எஃப் கார்டு ஆரம்பிச்சாரு. உங்களுக்கு எப்பிடிச் சொல்ல? கார்டுன்னா மூணு நாலு ஸ்வரம் சேந்து ஒண்ணா விழுறது. மத்த கார்டெல்லாம் விரலால அங்கங்க ஒரு கம்பியத் தொட்டா வரும். எஃப் அப்பிடியில்ல. ஆள்காட்டி விரல நீட்டி, ஆறு கம்பியையும் ஒரே விரலால படுக்க வச்சு அழுத்தணும். அழுத்திக்கிட்டே மத்த மூணு விரலும் வேற வேல பாக்கணும். கிட்டார் படிக்க வாரவன்ல பாதிப்பேர் எஃப்ல வந்து நின்னுருவானாம். நான் நிக்கல. கழுத்துலயிருந்து தோளுக்கு, தோள்லயிருந்து முழங்கைக்கு, சூட்டுக்கம்பிய உருவுன மாதிரி ஒரு வலி. இடது கையில. எஃப் பிடிக்கிற கை இடது கைதானே? வேற எதுனால வரும்?

மொதல்ல தைலம் போட்டேன். வெந்நிப் பை வச்சேன். அப்புறம் கடைசி ரெண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பிச்சிச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும். காலையில எந்திரிச்சா அது என் விரலே இல்லாத மாதிரி இருக்கும். அரிசியில கை விட்டா மூணு விரலுக்குத்தான் அரிசி தெரியும். பெரிய டாக்டர்கிட்டப் போனேன். படம் எடுத்துப் பாத்துட்டு, கழுத்துல நரம்பு நசுங்குதும்மா, என்ன வேலை செய்வீங்கன்னு கேட்டாரு. கிட்டார் வாசிப்பேன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு. 'இந்த வயசுல எதுக்கும்மா? கொஞ்ச காலம் நிப்பாட்டுங்க'ன்னுட்டாரு.

நிப்பாட்டினேன். அப்போ ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். ஆளாளுக்கு ஒண்ண விடுவாங்கள்ல, கறிய விடுவாங்க, டீய விடுவாங்க. நான் இத விட்டேன். பைக்குள்ள வச்சு, பீரோ மேல ஏத்தியாச்சு. ஈஸ்டர் வரைக்கும் தொடல. வலி கொறஞ்சிச்சான்னா, கொறயல. கூடத்தான் செஞ்சிச்சு. அப்போ நான் என்ன நெனச்சேன்னா, உள்ள எறங்கின வலி, லேசுல போகாது, எஃப்போட வலி அப்பிடின்னு நெனச்சேன்.

அந்தச் சமயத்துல என் பாடு எப்பிடின்னா, காலையில எந்திரிச்ச ஒடனே அவங்களப் பெரட்டிப் போட்டு, துணி மாத்தி, கட்டில்லயிருந்து எடுத்துச் சேர்ல வைக்கணும். சேர்லயிருந்து பாத்ரூமுக்கு. பாத்ரூம்ல ஸ்டூல்ல வச்சுக் குளிப்பாட்டி, மறுபடியும் சேருக்கு. மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கணும், கட்டிலுக்கு. சாயங்காலம் வாசக் காத்துக்கு மறுபடியும் சேரு. ராத்திரி படுக்கைப் புண்ணு வந்துராம இருக்க ரெண்டு மூணு தடவ ஒருக்களிச்சுப் போடணும். இதுக்கு நடுவுல கை வேற வலிச்சா எப்பிடி இருக்கும்? அதான் சொல்லுதேன், இந்தக் கிட்டார் வலி இல்லாம இருந்திருந்தா அவங்கள நான் இன்னும் நல்லா பாத்திருப்பேன்.

கரண்டு வைக்கிறதுக்கு ஒரு எடம் சொன்னாங்க. பிசியோதெரபி. நஸ்ரின்னு ஒரு புள்ள. நல்ல புள்ளதான், பொறுமை. கழுத்துக்குக் கரண்டு வைப்பா, பட்டையக் கட்டி இழுப்பா. மொத நாளே கேட்டா, 'கனம் எதுவும் தூக்குவீங்களா மேடம்?'ன்னு. இல்லம்மா, எங்க வீட்ல மோட்டார் இருக்கு, ஒரு கொடம் தண்ணி கூடத் தூக்குறதில்ல, சிலிண்டர் வந்தா அந்தப் பையனே உள்ள வச்சிட்டுப் போயிருவான்னேன். கிட்டார எடுத்துட்டு வாங்க, எப்பிடி உக்காந்து வாசிக்கீங்கன்னு பாக்கணும்னா. கொண்டு போனேன். அங்க கட்டில்ல உக்காந்து வாசிச்சேன். அந்தப் பக்கம் முட்டு வலிக்காரங்க நாலு பேரு படுத்திருக்காங்க, எல்லாரும் தலைய ஒசத்திப் பாக்காங்க. அந்தப் புள்ள சுத்திச் சுத்தி வந்து பாத்தா. 'நல்லாத்தானே உக்காந்திருக்கீங்க மேடம். தோள் எறங்கித்தான் இருக்கு. இதுல வரக்கூடாதே'ன்னா. அவளுக்கு எஃப்பப் பத்தித் தெரியாது, பாவம்.

ஒரு நாள் அவங்களுக்கும் ரெண்டு பயிற்சி சொல்லிக் குடுன்னு வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தா. அவங்க படுத்திருந்தாங்க. இரும்மா, சேர்ல உக்கார வைக்கேன், அப்பதான் உனக்குத் தோதா இருக்கும்னு நான் எப்பவும் போல எடுத்து வச்சேன். திரும்பிப் பாத்தா, அந்தப் புள்ள மொகமே ஒரு மாதிரி இருக்கு.

'மேடம், இத யாரு தெனமும் செய்யுறா?'

'நாந்தான். வேற யாரு இருக்கா?'

'ஒத்தையிலயா?'

'ஒத்தையிலதான்.'

'இதத்தான் மேடம் நான் மொத நாளே கேட்டேன். கனம் தூக்குவீங்களான்னு.'

எனக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. ஏம்மா, இது கனமா? இது என் வீட்டுக்காரரு. மனுஷன். அவங்க காதுபட இப்பிடியா பேசுவ, பேச முடியாட்டாலும் காது கேக்குமேன்னு சொன்னேன். அந்தப் புள்ள சாரி சாரின்னா. அவங்க ஜன்னலப் பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் நான் அங்க போகல. கரண்டும் வைக்கல. நீங்களே சொல்லுங்க, அம்புட்டு வருஷமா கூடக் குடியிருக்க மனுஷன ஒரு மூட்டை மாதிரி கனம்ங்கலாமா?

ஷெரின் போன்ல ஒரே பாட்டு. 'ஆள் போட்டுக்கோம்மா, ஆள் போட்டுக்கோம்மா.' நான் வேண்டாம்னுட்டேன். வேற ஆள் தொட்டா அவங்களுக்குப் பிடிக்காது. சொன்னாங்களான்னு கேக்காதீங்க, அவங்கதான் பேச மாட்டாங்களே. எனக்குத் தெரியும். ரோஷக்காரங்க.

இந்த நடுவுல சபை நாள் விழா வந்துச்சு. வில்பிரட் மாஸ்டர் நம்ம குரூப் ஒரு பாட்டு வாசிக்கணும்னு சொல்லிட்டாரு. எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல. ஒரு பாட்டு, மொதல்லயிருந்து கடைசி வரைக்கும், நாலு பேரு முன்னால, தப்பில்லாம. ஒரு தடவ. அம்புட்டுத்தான் ஆசை. அந்தப் பாட்டுல எஃப் வரும். வேண்டாம் டீச்சர், ஒங்களுக்குக் கை முடியல, நீங்க அந்த எடத்துல சும்மா இருங்க, நாங்க பிடிச்சுக்கிடுதோம்னாங்க. நான் சும்மா இருக்க மாட்டேன்னேன். பக்கத்து வீட்டு ரோஸ்லின அவங்க பக்கத்துல உக்கார வச்சிட்டுப் போனேன். பட்டுச் சேலை கட்டி, மேடையில உக்காந்தாச்சு. பாட்டு ஆரம்பிச்சாச்சு.

எஃப் வந்துச்சு. விரல வச்சேன். அழுத்துறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. பஞ்சுல கை வச்ச மாதிரி இருக்கு. வலது கையால கம்பியத் தட்டுதேன், 'தட்டு தட்டு'ன்னு மரத்துல தட்டுற சத்தந்தான் வருது. ஸ்வரம் இல்ல. அடுத்த கார்டுக்குப் போனேன், அதுவும் அப்பிடித்தான். பாட்டு முடியுற வரைக்கும் கைய அசைச்சிட்டே இருந்தேன், என் கிட்டார்லயிருந்து ஒரு சத்தம் வரல. மத்த மூணு பேரும் நல்லா வாசிச்சாங்க, அதுல இது தெரியல. எல்லாரும் கை தட்டினாங்க. எங்க சபைப் போதகர் ஐயர் வந்து, 'பிரமாதம் டீச்சர்'ன்னாரு. வில்பிரட் மாஸ்டர் மட்டும் என் கையப் பாத்தாரு. அழணும்னு கூடத் தோணல பாத்துக்கிடுங்க. வீட்டுக்கு வந்து, சேலைய மடிச்சு வச்சிட்டு, அவங்களுக்குக் கஞ்சி கரைச்சேன்.

வல்லநாடு மலை தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்ச தூரந்தான். நீங்க எங்க எறங்கணும்? ஜங்ஷனா? சரி.

அதுக்கப்புறந்தான் அந்தக் காலை. எப்பவும் போலத்தான் தூக்கினேன். எப்பிடின்னா, என் இடது கைய அவங்க வலது அக்குளுக்குள்ள குடுக்கணும். அந்தப் பக்கந்தானே வராத பக்கம், முழுப் பாரமும் அதுல எறங்கும். நெஞ்சோட சேத்துப் பிடிச்சு, மூச்ச அடக்கி ஒரு தம் பிடிச்சா எந்திரிச்சிருவாங்க. அன்னைக்குப் பாதி எந்திரிச்சாங்க. அந்த நேரம் என் கை விட்டுட்டு. வலிக்கல. வலிச்சாத்தான் தெரியுமே. கை அங்கதான் இருக்கு, ஆனா இல்ல. அவங்க என் மேல சரிய, நான் கட்டில் காலப் பிடிக்க, ரெண்டு பேரும் அப்பிடியே வழுக்கித் தரையில உக்காந்துட்டோம். அடி ஒண்ணும் படல. கர்த்தர் காப்பாத்தினாரு.

ஆனா எந்திரிக்க முடியல. அவங்க கால் என் கால் மேல கெடக்கு. என் கை வராது. போன் அடுக்களையில. அடுப்புல பால் வேற வச்சிருக்கேன். ரோஸ்லின், ரோஸ்லின்னு கூப்பிட்டுப் பாத்தேன், அவ மிக்ஸி போட்டிருக்கா. சரி, கருவேப்பிலைக்கோ எதுக்கோ வருவா, வார வரைக்கும் இருப்போம்னு கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்துட்டோம். பக்கத்துல பக்கத்துல. அவங்க விழுந்ததுக்கப்புறம் அப்பிடி ரெண்டு பேரும் சேந்து உக்காந்தது அன்னைக்குத்தான். எனக்கு வேலையில்லாம இருந்ததும் அன்னைக்குத்தான்.

பால் பொங்கி, வத்தி, தீய ஆரம்பிச்சிச்சு. பொகை ரூமுக்குள்ள வருது. தற்செயலாக் குனிஞ்சு பாக்கேன், அவங்க என் இடது கையத் தூக்கி மடியில வச்சிருக்காங்க. அவங்க நல்ல கையால என் சுண்டு விரலையும் மோதிர விரலையும் தேய்ச்சிட்டு இருக்காங்க. ஒண்ணு ஒண்ணா, நுனியிலயிருந்து அடி வரைக்கும். எம்புட்டு நேரமாத் தேய்ச்சாங்களோ, எனக்குத் தெரியவே இல்ல. பாத்தப்புறந்தான் தெரியுது. பாத்தாலும் விரலுக்குத் தெரியல. இந்த வியாதிக்காரங்களுக்கு அப்பிடித்தான்மா, நல்ல கை சும்மா இருக்காது. எதையாவது பிசைஞ்சிட்டே இருக்கும். போர்வை நுனிய, சட்டை பொத்தான. அன்னைக்குக் கையில கெடைச்சது என் விரலு. கண்ணுலயிருந்து தண்ணி வடியுது. பால் தீஞ்ச பொகை கண்ணக் கரிச்சிருக்கும். எனக்குக் கரிக்கல, எனக்குக் கண்ணாடி இருக்குல்லா.

ரோஸ்லின் தீஞ்ச வாட பிடிச்சு ஓடி வந்தா. பின்கதவு தொறந்திருந்திச்சு, அதனால தப்பிச்சோம். வந்தவ எங்களத் தூக்குறதுக்கு முன்னால ஷெரினுக்குத்தான் போன் போட்டா. அவ அங்கயிருந்து கூப்பாடு. மறு வாரமே ஆள் வந்துட்டாரு.

பேச்சிமுத்துன்னு பேரு. நாப்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரியில வார்டுல வேலை பாத்தவராம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் நான் கதவத் தொறந்தேன். அவங்களுக்குப் பிடிக்காது, ரெண்டு நாள்ல நீங்களே போயிருவீங்க தம்பின்னு சொல்லிட்டேன். சரிங்க டீச்சர்னுட்டு உள்ள போனாரு. அகலமா ஒரு துணி பெல்ட், அத அவங்க இடுப்புல சுத்தினாரு. முட்டால முட்ட அண்டக் குடுத்தாரு. 'சார், கிரேன் ரெடியா? ஒசத்தலாமா?'ன்னு கேட்டாரு. ஒரே தூக்கு. அவங்க சேர்ல இருக்காங்க.

அவங்க சிரிச்சாங்கம்மா. வாய் ஒரு பக்கம் கோணிட்டு, எச்சி வடியுது, ஆனா சிரிப்புதான். சத்தமாச் சிரிச்சாங்க. அம்புட்டு மாசமா எங்கிட்ட ஒரு நாள் சிரிக்கல. நான் தூக்கும்போதெல்லாம் கண்ண இறுக்கி மூடிக்கிடுவாங்க. நான் வாசப்படியில நிக்கேன். எனக்கு ஒண்ணும் தோணல. சந்தோசமும் இல்ல, வருத்தமும் இல்ல. போயி உளுந்து ஊறப் போட்டேன்.

அப்புறம் என்ன, ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டாங்க. காலையில ஷேவிங் பண்ணி விடுதாரு. ஹார்பர்ல எந்தக் கிரேன், எம்புட்டு டன் இழுக்கும்னு இவரு கேப்பாரு, அவங்க விரலால காட்டுவாங்க. வாசல்ல கொண்டு உக்கார வச்சு, போற வாரவங்களுக்கெல்லாம் கையாட்ட வைக்காரு. நான் போனா ரெண்டு பேரும் சும்மா ஆயிருவாங்க. எனக்கு என்ன வேலை? சோறு பொங்குறதுதான்.

கைய மறந்துட்டேன் பாருங்க. கை இப்போ எம்புட்டோ தேவல. தோள் வலி போயிட்டு, முழங்கை வலி போயிட்டு. ரெண்டு விரல்ல மட்டும் அந்த மரப்பு இருக்கு, அதுவும் முன்ன மாதிரி இல்ல. எதுனாலன்னு கேக்கீங்களா? கம்பி மாத்தினேன். அந்தப் பேச்சிமுத்து வந்த அதே வாரந்தான், வில்பிரட் மாஸ்டர் மெல்லிசுக் கம்பி ஒரு செட்டு தந்தாரு, மாட்டிப் பாருங்க டீச்சர்னு. மாட்டினேன். நாலஞ்சு வாரத்துல வலி எறங்கிட்டு. இம்புட்டு நாளும் தடிச்ச கம்பி போட்டுக்கிட்டு என்ன பாடு பட்டிருக்கேன் பாருங்க. இன்னும் கம்பி கொஞ்சம் ஒசரமா நிக்குது. பாளையங்கோட்டையில ஒரு கடையில தாழ்த்திக் குடுப்பாங்களாம், அதுக்குத்தான் இப்போ போறேன். தாழ்த்திட்டா அந்த ரெண்டு விரலும் சரியாயிரும். அந்த நஸ்ரின் புள்ளய வழியில பாத்தேன். எப்பிடி இருக்கு மேடம்னா. கம்பி மாத்தினேன், போயிட்டுன்னேன். வீட்டுக்கு ஆள் போட்டிருக்கீங்களாமேன்னா. ஆமான்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டா. சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்.

எனக்கு மனசுல கெடக்கது அது இல்லம்மா. போன ஞாயித்துக்கெழம நடந்ததுதான். யாருகிட்டயும் சொல்லல, ஷெரின்கிட்டக் கூடச் சொல்லல. பேச்சிமுத்துவுக்குக் கொழுந்தியா கல்யாணம், ஒரு நாள் லீவு. சரி, ஒரு நாள்தானே, கையும் நல்லாத்தான் இருக்குன்னு நான் பழையபடி போயி, குனிஞ்சு, இடது கைய அவங்க அக்குளுக்குள்ள குடுத்தேன். அவங்க நல்ல கையால என் கையப் பிடிச்சாங்க. பிடிச்சுத் தள்ளினாங்க. மறுபடியும் குடுத்தேன். மறுபடியும் தள்ளினாங்க. அப்புறம் வாய் கோணுது, தொண்டை நரம்பெல்லாம் பொடைக்குது, என்னமோ சொல்லப் பாக்காங்க. நான் குனிஞ்சு காத வச்சேன்.

'போதும்'னாங்க.

தெளிவா. ஒரு எழுத்துக் கொழறல. விழுந்ததுக்கப்புறம் வாயிலயிருந்து வந்த மொத வார்த்தை. எம்புட்டு நாளா நான் முழங்கால்ல நின்னு கேட்டேன், ஒரு வார்த்தை பேச வையும் ஆண்டவரேன்னு. கேட்டதக் குடுத்தாரு. போதும். நான் போதும், என் கை போதும், இனி அந்தப் பேச்சிமுத்து தூக்கட்டும்.

அன்னைக்குப் பூரா கட்டில விட்டு எறங்கவே இல்ல. சாப்பாடு கட்டில்லயே குடுத்தேன், மத்ததும் அங்கயேதான். சேர இழுத்துப் போட்டு அதுல நான் உக்காந்தேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே இருந்தோம். செய்ய ஒண்ணும் இல்ல. கிட்டார எடுத்துட்டு வந்தேன். அவங்க முன்னால உக்காந்து வாசிச்சது அன்னைக்குத்தான் மொத தடவ. அந்தச் சபை நாள் பாட்டத்தான் வாசிச்சேன். மொதல்லயிருந்து கடைசி வரைக்கும். எஃப் விழுந்துச்சும்மா. ஆறு கம்பியும் மணி மாதிரி விழுந்துச்சு. சந்தோசப்படணும்லா? எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கண்ண மூடிட்டுக் கெடந்தாங்க. தூங்கிட்டாங்க போல. பாட்டுன்னாத்தான் ஆகாதே.

என்னது? என் கைய நெனச்சுத்தான் அப்பிடிச் சொல்லியிருப்பாங்களா?

நல்லாச் சொன்னீங்க போங்க. நீங்க சின்ன வயசு, அப்பிடித்தான் நெனப்பீங்க. என் கை வலின்னு அவங்ககிட்ட நான் ஒரு நாள் சொன்னதில்லையே. மொகத்துல கூடக் காட்டினதில்ல. அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

இந்தா, சமாதானபுரம் வந்துட்டு. கொஞ்சம் கால ஒதுக்கிக்கிடுங்கம்மா, நான் எறங்கணும்.